பைபாஸ், வால்வு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொள்வது எப்படி: டிஸ்சார்ஜ் முதல் 3 மாதம் வரை

இது வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிற ஆட்களுக்கும், வீட்டு நர்ஸாக முதன்முதலாக இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். பைபாஸோ, வால்வு மாற்றியதோ, எதுவானாலும் பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். கம்பி எலும்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒட்டுவதை எலும்பேதான் செய்ய வேண்டும். அதற்கு 6 முதல் 8 வாரம் பிடிக்கும், பழைய பலம் வர 3 மாதம் ஆகலாம்.

கீழே வரும் பாதி விஷயத்துக்குக் காரணம் இந்த எலும்புதான். மீதி, நுரையீரலும் மருந்தும். வார்டிலும் சரி, வீடுகளிலும் சரி, நான் பார்த்த வரை தப்பு நடப்பது அலட்சியத்தால் இல்லை, பாசத்தால். கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், அசையாமல் படுத்திரு என்பார்கள், தெம்பு வரட்டும் என்று ஊட்டித் தள்ளுவார்கள். மூன்றுமே கெடுதல். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், இதை அல்ல.

1. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே செய்ய வேண்டியவை

கிளம்புகிற நாள் பில், இன்ஷூரன்ஸ், வண்டி என்று ஒரே ஓட்டமாக இருக்கும், எதையும் கேட்க முடியாது. அதனால் முந்தின நாளே வார்டு சிஸ்டரிடம் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், தையலோ கிளிப்போ எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், எந்தப் பழைய மாத்திரை நிறுத்தப்பட்டது, ராத்திரி 2 மணிக்கு ஒன்று என்றால் யாருக்குப் போன் போட வேண்டும். மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. அது ஏன் முக்கியம் என்று 6-ஆம் பகுதியில் வருகிறது.

வாங்க வேண்டியது அதிகமில்லை. தெர்மாமீட்டர், பிபி மெஷின், எடை மெஷின், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரை இருந்தால் சுகர் மெஷின். கெட்டியான சின்னத் தலையணை ஒன்று. ஒரு 80 பக்க நோட்டு.

வீட்டில் கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருக்க வேண்டும், மெத்தை அமுங்கக் கூடாது. நம் திருநெல்வேலிப் பக்கம் தாத்தாமார்களுக்கு நார்க்கட்டிலும் சாய்வு நாற்காலியும்தான் உயிர். இரண்டும் நடுவில் குழி விழுந்து கிடக்கும், கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே முடியாது. 3 மாதத்துக்கு அவற்றை மச்சில் ஏற்றிவிடுங்கள். பாயும் வேண்டாம். கக்கூஸ் இந்தியன் மாடல் என்றால் மேலே வைக்கிற கமோட் நாற்காலி ஒன்று வாடகைக்காவது எடுத்துவிடுங்கள்.

2. வீடு வந்து சேருவது

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்கு வழிச்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். நேராக வந்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் இறக்கி நடக்கவிடுங்கள், கால் தொங்கியபடி உட்கார்ந்தே வந்தால் ரத்தம் கட்ட வாய்ப்பு உண்டு, பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த காலும் வீங்கும். சீட் பெல்ட் போட வேண்டும். பெல்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மடித்த துண்டை வையுங்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் கீழ் பெர்த் மட்டும். ஊருக்குள் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் பெரும்பாலும் குண்டும் குழியும். ஆட்டோவை ஓரமாக மெதுவாகப் போகச் சொல்லுங்கள், பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகும் யோசனையே வேண்டாம்.

3. கட்டிலிலிருந்து எழுப்புவது

இதில்தான் நிறைய தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படுத்திருப்பவர் எழ வேண்டும் என்றதும் மகன் ஒரு கையையும் மருமகன் ஒரு கையையும் பிடித்து இழுப்பார்கள், இல்லை என்றால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். இரண்டு கையும் இரண்டு பக்கம் இழுபட்டால் நடுவில் இருக்கிற எலும்பும் இரண்டு பக்கம் இழுபடும். செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளட்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, உடம்பு முறுக்காமல் ஒருக்களிக்க வேண்டும். அப்புறம் கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள், அந்தக் காலின் பாரமே மேல் உடம்பைப் பாதி தூக்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, கீழ்ப்பக்கத்துத் தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளுவது. கையைத் தொடவே கூடாது.

உட்கார்ந்ததும் உடனே நிற்கவிடாதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், விழுந்தால் எல்லாம் முதலில் இருந்து. நிற்கும்போது கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வருகிற அளவுக்குக் குனிந்து, தொடை பலத்தில் எழ வேண்டும். கை இரண்டும் தலையணையைப் பிடித்திருந்தால் ஊன்றத் தோன்றாது. "கையை ஊணாதிய அண்ணாச்சி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து நாளில் பழகிவிடும், அதுக்குமேல் நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

தூக்குகிற பாரத்துக்கும் இதே காரணம்தான். முதல் 6 முதல் 8 வாரத்துக்குப் பொதுவாக 4 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள், சில இடங்களில் இன்னும் குறைவாகச் சொல்வார்கள். நிறைந்த தண்ணீர்க் குடம் 10 கிலோவுக்கு மேல். பேரப்பிள்ளையும் அப்படித்தான். கனமான இரும்புக் கதவைத் தள்ளுவது, பைப்பு அடிப்பது, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் பாரம் தூக்குவதோடு சேர்த்திதான். முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்படி செய்கிற சின்ன வேலை, சாப்பிடுவது, முகம் கழுவுவது, மெதுவாகத் தலை சீவுவது, பரவாயில்லை.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. மார்பின் பாரமே தையலைக் கீழே இழுக்கும், அதனால் முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத பருத்தி உள்ளாடை ராத்திரியும் போட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்கமாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். மார்புக்கு அடியில் வியர்வை தேங்கினால் புண் பிடிக்கும், மெல்லிய காய்ந்த துணி ஒன்றை அங்கே வைக்கலாம். பத்து நாளில் அடுப்படிக்குள் நுழைந்து குக்கரைத் தூக்குவதும், மாவு வழிக்கக் கிரைண்டர் குழவியைத் தூக்குவதும் பெரும்பாலும் ஆச்சிமார்தான். வீட்டு ஆம்பளைகள் இதைக் கவனிக்காமல் காப்பிக்குக் காத்திருப்பார்கள்.

4. மூன்று பந்துக் கருவியும் இருமலும்

ஆஸ்பத்திரியில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சுவிடுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கிவிடும், அங்கே காற்றை இழுத்துக் கொண்டுபோகத்தான் இந்தக் கருவி.

நிமிர்ந்து உட்காரட்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே போனதும் 3 விநாடி அங்கேயே நிறுத்த வேண்டும். மூன்று பந்தும் டக்கென்று துள்ளி விழுவதைவிட ஒரு பந்து ஏறி அப்படியே நிற்பது நல்லது. முழித்திருக்கிற நேரத்தில் மணிக்கு 10 தடவை. நடுவில் தலை சுற்றினால் இளைப்பாறவிடுங்கள்.

முடிந்ததும் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இரண்டு, மூன்று தடவை இருமச் சொல்லுங்கள். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அடக்கிக்கொள்வார்கள், சளிதான் உள்ளே கட்டும். வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கொடுத்து அரை மணி நேரம் கழித்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு இழுக்க மனசு வரும். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைக்கிற பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

5. காலை அளவு, நோட்டு, புண்

காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காப்பிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். தினமும் ஒரே மெஷின், ஒரே மாதிரி உடுப்பு. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். உடம்பு தேறுது என்று சந்தோஷப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். அடுத்து காய்ச்சல், நாடி, பிபி, ஆக்சிஜன். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் அல்லது 50-க்குக் கீழ், ஆக்சிஜன் 92-க்குக் கீழ் என்றால் அன்றைக்கே கேட்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், மருதாணி, நகப்பூச்சு இருந்தாலும் ஆக்சிஜன் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நாடியை மெஷின் காட்டினாலும் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் பார்க்கப் பழகுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தாளம் தப்பித் தப்பி ஓடலாம். இதய ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த மாதிரித் துடிப்பு மாறுவது நிறையப் பேருக்கு வருகிறது, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வரும், சிலருக்கு வீட்டில் வரும்.

பிறகு புண். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெளிச்சத்தில் நெஞ்சையும் காலையும் பாருங்கள். நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டுக் காலை விட்டுவிடுகிறார்கள், சர்க்கரை இருக்கிறவருக்குக் கால் தையல்தான் அடிக்கடி தொந்தரவு கொடுக்கும். சிவப்பு பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, நீரோ சீழோ கசிகிறதா, வாடை வருகிறதா. குளிக்கலாம் என்று சொன்ன பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் ஊற்றி, தேய்க்காமல், சுத்தமான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைத்தது, பவுடர் எதுவும் புண்மேல் போடக் கூடாது. தாமிரபரணியில் முங்குவதும் பம்புசெட்டுக் குளியலும் புண் முழுக்க ஆறி டாக்டர் சரி என்கிற வரைக்கும் கிடையாது.

இருமும்போதோ திரும்பும்போதோ நெஞ்சுக்குள் 'கிளிக்' என்று சத்தம் வந்தாலோ, எலும்பு நகர்கிற மாதிரி இருந்தாலோ தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். இடது மார்பு மரத்த மாதிரி இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். அந்தப் பக்கத்து ரத்தக்குழாயை எடுத்துப் பைபாஸுக்கு வைத்திருந்தால் அப்படி இருக்கும், மாதக் கணக்கில் மெதுவாகக் குறையும். கால் வீக்கத்துக்கு, உட்காரும்போது ஸ்டூலில் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

6. மருந்து

முதல் வேலை, வீட்டில் இருக்கிற பழைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுவது. ஏற்கெனவே பிபிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர், ஆபரேஷனுக்கு அப்புறம் அதையும் புதுசையும் சேர்த்துப் போட்டுவிடுவார். பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. நாடி 45-க்கு இறங்கி மயங்குவார். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பட்டியலை மாற்றச் சொல்லுங்கள். பிபி பார்க்க அவர்கள் வருவது நமக்கு நல்லதுதான்.

வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், கொடுப்பார்கள். உலோக வால்வு என்றால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி அது திறக்காமல் மாட்டிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போகும். அளவு கூடினால் ரத்தக்கசிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோமா என்று காட்டுவதுதான் ஐஎன்ஆர் பரிசோதனை. மகாதமனி வால்வுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3, மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரை வைக்கச் சொல்வார்கள். உங்கள் சீட்டில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

தினமும் ஒரே நேரம், சாயங்காலம் 6 மணி என்றால் 6 மணி. மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் ஞாபகம் வந்தால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடக் கூடாது, நோட்டில் மட்டும் எழுதி வையுங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கூடாது என்று ஒரேயடியாகத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் சிக்கல், அளவு ஒரே சீராக இருக்கட்டும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது, இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது, கஷாயம், லேகியம் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர், தலையில் அடி, இதில் எது நடந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

பைபாஸ் ஆனவர்களின் ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, நாடியைக் குறைக்கிற மாத்திரை, எதையும் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. சாப்பாடும் தண்ணீரும்

உப்பைக் குறைக்கச் சொன்னால் சோற்றில் போடுகிற உப்பை மட்டும் குறைப்பார்கள். உப்பு உண்மையில் ஒளிந்திருப்பது அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, மிக்சர், கடைப் பரோட்டா சால்னா இதிலெல்லாம். இந்துப்பும் உப்புதான். கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், சில இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து, கேட்காமல் வாங்க வேண்டாம். கருப்பட்டிக் காப்பி குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. ஏறும். சொதி, தேங்காய்ப் பால், கொஞ்ச நாளைக்குப் பேருக்கு ஒரு கரண்டி.

முதல் மூன்று, நாலு வாரம் வாய் கசக்கும், பசி இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, ஆவியில் வெந்த மீன் நல்லது. புண் ஆறப் புரதம் வேண்டும், வெறும் கஞ்சியும் ரசமும் போதாது.

தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால், உதாரணமாக ஒன்றரை லிட்டர், காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் நிரப்பி வையுங்கள். காப்பி, மோர், ரசம் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஒரு செம்பில் ஊற்றிவிடுங்கள். பாட்டில் தீர்ந்தால் அன்றைய கணக்கும் தீர்ந்தது. சித்திரை வெயிலில் இது கஷ்டம்தான், வாய் கொப்பளிப்பது, குளிர்ந்த துணியால் முகம் துடைப்பது கொஞ்சம் உதவும்.

மலச்சிக்கலை விடாதீர்கள். முக்கினால் நெஞ்சிலும் இதயத்திலும் அழுத்தம் ஏறும். இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

8. நடை, தூக்கம், விசாரிக்க வருகிறவர்கள்

நடக்க வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் ஐந்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. அப்புறம் இரண்டு, மூன்று நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திக்கினால் அதிகம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வெயிலிலும் வேண்டாம்.

ராத்திரி தூக்கம் வராது, கெட்ட கனவு வரும், காரணமே இல்லாமல் அழுகை வரும். கோபக்கார மனுஷர்கூடச் சின்ன விஷயத்துக்கு உடைந்து அழுவார். இது நிறையப் பேருக்கு வருகிறது, சில வாரத்தில் சரியாகும். பகலில் நடக்கவைத்து, பகல் தூக்கத்தைக் குறைத்தால் ராத்திரி கொஞ்சம் தேறும். ஒரு மாதம் தாண்டியும் சாப்பிட மறுத்து, பேசாமல் சுவரைப் பார்த்தே கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

விசாரிக்க வருகிறவர்களைத் தடுக்க முடியாது, ஊர் அப்படி. நேரம் குறியுங்கள், சாயங்காலம் 5 முதல் 6. சளி, இருமல் இருந்தால் போனில் விசாரிக்கட்டும். வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வையுங்கள். அல்வாவை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும். "இன்னாருக்கு இதே ஆபரேஷன், மூணாம் மாசம் போய்ட்டாரு" என்று ஆரம்பிக்கிற சித்தப்பாவை மட்டும் எழுப்பி வெளியே கூட்டிப் போய்விடுங்கள்.

9. எப்போது 108

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார், நெஞ்சில் புதுசாக அழுத்தம், மயங்கி விழுந்தார், வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சு குழறுகிறது, புண் பிளந்து ரத்தமோ சீழோ வருகிறது. இதில் ஒன்று போதும், 108. வாயு பிடித்திருக்கு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து, தெருமுனை கிளினிக்கில் கேஸ் ஊசி போட்டு, அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் நேரம் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைப் பட்டியல், நோட்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டு வாசல் பக்கம் ஆணியில் தொங்கவிடுங்கள், போகும்போது தேட வேண்டியிருக்காது.

10. 6 வாரத்துக்கு அப்புறம்

பரிசோதனைக்குப் போகும்போது நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, கடை, ஆபீஸ் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கலாம். கார் ஓட்டுவதும் ஏறக்குறைய அப்போதுதான். பைக், மண்வெட்டி வேலை, மூட்டை தூக்குவது எல்லாம் 3 மாதத்துக்கு அப்புறம், அதுவும் டாக்டர் சொன்னால். கணவன் மனைவி உறவு பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள். இரண்டு மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, நெஞ்சில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

குற்றாலம் சீசன் வந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். மெயின் அருவித் தண்ணீர் விழுகிற வேகம் நெஞ்செலும்பில் அடிக்கிற அடி. அந்த வருஷம் ஓரமாக நின்று சாரல் போதும்.

வால்வு மாற்றியவர் பல் பிடுங்கப் போனால், எந்த வருஷமானாலும், முதலில் பல் டாக்டரிடம் வால்வு பற்றிச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டாமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ரத்தம் உறையாத மாத்திரையை அதற்காக நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் நாற்காலியில் உட்காரட்டும்.